ஆறு பக்கமும் காட்டிய திருடன்

அத்தியாயம் 4

"மாமா, திருடன் புகார் குடுத்திருக்கான்" என்றான் மச்சான்.

"யார் மேல?"

"பறிகொடுத்தவங்க மேலதான். சரக்கு தரமா இல்லையாம்."

துப்பறிவாளர் செல்போனை வாங்கிப் படித்தார். பிறகு, இந்தத் தொழிலில் இன்னும் சுவாரசியம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்போல மறுபடியும் படித்தார்.

மச்சான் என்பது அவன் பெயரல்ல, பதவி. துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. "ஒரு நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும் உங்ககூட இருக்கட்டுமே" என்று மனைவி சொன்னபோது, மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல் தலையாட்டிவிட்டார். அவருடைய அலுவலகத்தில் இன்றுவரை தீராத வழக்கு அது ஒன்றுதான்.

இருவரும் அப்போது உட்கார்ந்திருந்தது ஒரு கடையில். இணையத்தில் பார்த்தால் அந்தக் கடைக்கு அகலமான முகப்பு உண்டு. "எங்கள் குழு உங்களுக்காக அயராது உழைக்கிறது" என்ற வாசகம் உண்டு. நேரில் பார்த்தால் அது ஒரு படுக்கையறை. கட்டிலுக்கு மேல் அட்டைப் பெட்டி, கட்டிலுக்குக் கீழ் அட்டைப் பெட்டி, அலமாரியில் புடவை இருக்கவேண்டிய தட்டில் பபிள் ரேப் சுருள். குழு என்பது ஒரே ஒரு பெண். விளக்குக்காரம்மா.

தண்ணீர்க் குழாயை வளைத்து மேஜை விளக்கு செய்வது அவர் தொழில். விளக்கின் கழுத்தில் நான்கு காது வைத்த குழாய்த் திருகு ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் வெளிச்சம் கொட்டும். பார்த்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்தவர்களில் பாதிப்பேர் வாங்குவார்கள். கடை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திருடனுக்கும் அது பிடித்துப்போகிறவரை.

திருட்டு எப்படி நடக்கிறது என்பதை விளக்குக்காரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டு எண்ணைச் சுட்டு, இன்னொருவன் விளக்கு வாங்குகிறான். விளக்கு போய்ச் சேருகிறது. கார்டின் சொந்தக்காரர் பிறகு கணக்கைப் பார்த்து, "ஐயோ, நான் விளக்கே வாங்கலையே" என்கிறார். வங்கி அந்தப் பணத்தைக் கடையிடமிருந்து பிடுங்கி அவருக்குக் கொடுத்துவிட்டு, கடைக்கு ஓர் அபராதமும் போடுகிறது. ஆக, திருடனுக்கு விளக்கு, கார்டுக்காரருக்குப் பணம், வங்கிக்கு அபராதம். யாரும் வெறுங்கையோடு போவதில்லை. கடைக்காரருக்குக்கூட அனுபவம் கிடைக்கிறது.

விளக்குக்காரம்மாவுக்கு அந்த அனுபவம் போதும் போதும் என்ற அளவுக்குக் கிடைத்திருந்தது. பணம் வாங்கித் தரும் நிறுவனத்திலிருந்து ஒரு மடலும் வந்திருந்தது.

'அன்பும் மதிப்பும் மிக்க கூட்டாளியே, இன்னும் ஒரே ஒரு முறை இப்படி நடந்தால் உங்கள் கடை நிரந்தரமாக மூடப்படும். இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்.'

அந்த இனிய நாளில்தான் கடை தொடங்கியதிலிருந்து வந்திராத அளவுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. கையிருப்பில் இருக்கும் அத்தனை விளக்குகளும் வேண்டும். சாயங்காலம் கூரியர்காரர் வருவார். அனுப்பி, அதுவும் திருட்டுக் கார்டாக இருந்தால் கடை போச்சு. அனுப்பாமல் விட்டு, வாங்கியவர் நேர்மையானவராக இருந்தால் 'ஆர்டரை அனுப்பாத கடை' என்று முத்திரை விழுந்து, அப்படியும் கடை போச்சு.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்றார் துப்பறிவாளர்.

"சொன்னேன் சார். திருட்டு எந்தத் தெருவுல நடந்துச்சுன்னு கேட்டாங்க. இன்டர்நெட்லன்னேன். அது எங்க எல்லைக்குள்ள வராதுன்னுட்டாங்க."

அறையின் மூலையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. நாற்காலியில் விளக்குக்காரம்மாவின் மாமனார். அவரைச் சுற்றிலும் 'வெற்றி உங்கள் கையில்' வகைப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன.

"வாங்குறவன் கண்ணுக்குத் தெரியல. கல்லா கண்ணுக்குத் தெரியல. இப்ப திருடனும் கண்ணுக்குத் தெரியலையாம். முழுக்க முழுக்கக் கற்பனையிலேயே ஒரு கடை" என்றார் அவர்.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் விளக்குக்காரம்மா.

துப்பறிவாளர் உடனே சும்மா இருந்தார். அந்த அறையில் 'மாமா' என்று யார் சொன்னாலும் இரண்டு தலைகள் திரும்பின.

"உங்களை இல்ல சார். நீங்க புகாரைப் பாருங்க. போன வாரம் வங்கி பிடுங்கிச்சே, அதே விளக்குக்குத்தான் இந்தப் புகார். அந்த ஆளுக்கு வெட்கமே இல்லையா?"

புகார் சுருக்கமாக இருந்தது. 'திருகு இறுகியிருக்கிறது. பணம் திருப்பித் தர வேண்டாம். மாற்று விளக்கு அனுப்பவும். பெட்டி திறந்த வீடியோ இணைத்துள்ளேன்.'

"பணம் வேண்டாமாமே! எவ்வளவு பெருந்தன்மை" என்றான் மச்சான்.

"பெருந்தன்மை இல்ல மாப்ளே. பணம் திரும்பினா கார்டுக்காரருக்குப் போகும். இவனுக்கு விளக்குதான் கைக்கு வரும். இறுகின திருகோட இருந்தா அதை எங்கயும் விக்க முடியாது. வீடியோவைப் போடு."

வீடியோவில் முகம் இல்லை. ஒரு மேஜை, இரண்டு கைகள், ஒரு பெட்டி. கைகள் பெட்டியை நிதானமாகத் திருப்பி முன்பக்கம் காட்டின. பின்பக்கம் காட்டின. இடம், வலம், மேல், கீழ் என்று எல்லாப் பக்கமும் காட்டின. ஒட்டியிருந்த விலாசத்தை கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து, படிக்க நேரம் கொடுத்துக் காத்திருந்தன. பிறகுதான் பிளேடு வந்தது. நாடாவை நடுவில் மட்டும் கீறியது. உள்ளேயிருந்த பபிள் ரேப்பைக் கைகள் பிரித்து, நீவி, நான்காக மடித்து ஓரமாக வைத்தன. கடைசியில் விளக்கு வெளியே வந்தது. திருகு இறுகியிருந்தது.

"மாமா, இவன் திருடன் இல்ல, யோகா வாத்தியார்" என்றான் மச்சான். "எவ்வளவு பொறுமை!"

துப்பறிவாளர் விளக்குக்காரம்மாவைப் பார்த்தார். "உங்ககிட்ட வாங்குறவங்க வழக்கமா எப்படி வீடியோ எடுப்பாங்க?"

"அதை ஏன் சார் கேக்குறீங்க! பெட்டியைப் பிய்ச்சு எறிஞ்ச பிறகுதான் வீடியோன்னு ஒண்ணு ஞாபகம் வரும். எடுத்தாலும் பாதி நேரம் வீட்டுக் குழந்தையோட மூக்குதான் தெரியும்."

"ஆறு பக்கமும் காட்டணும், நடுவுல வெட்டு இருக்கக் கூடாதுன்னு உங்க கடையில விதி போட்டிருக்கீங்களே?"

"எல்லா ஆன்லைன் கடையிலயும் போட்டிருப்போம். யார் சார் படிக்கிறாங்க? கடை ஆரம்பிச்சதிலேர்ந்து ஆறு பக்கமும் காட்டின ஒரே ஆள் இந்தத் திருடன்தான்."

துப்பறிவாளர் எழுந்தார். "மாதிரிக்கு ஒரு விளக்கு குடுங்க. பார்சல் போய்ச் சேர்ந்த விலாசம் எது?"

"ஒரு லாண்டரி. வீட்டுல ஆள் இல்லாதவங்க பார்சலை அங்க அனுப்பச் சொல்லுவாங்க. ரகசிய எண்ணைச் சொல்லிட்டு வாங்கிக்கலாம். இன்னிக்கு வந்த பெரிய ஆர்டரும் அங்கதான் போகணும். ஆனா அதை வச்சு சந்தேகப்பட முடியாது சார், என்கிட்ட வாங்குறவங்கள்ல பாதிப்பேர் லாண்டரி விலாசம்தான் தர்றாங்க."

விளக்கைக் கொடுத்தவர், கூடவே கட்டிலிலிருந்து பிரிக்காத ஒரு சிறிய பார்சலையும் எடுத்து மச்சானிடம் நீட்டினார்.

"தம்பி, இதையும் நீங்களே வச்சுக்குங்க. சோப்பு. வாசனைன்னாலே எனக்குத் தும்மல் வந்துடும், அதான் பிரிக்கவே இல்ல. எங்க குழுவுல இருக்கிற சோப்பு அண்ணன் ஆறுதலுக்கு அனுப்பி வச்சார்."

"எந்தக் குழு?"

"ஏமாந்த வியாபாரிகள் ஒற்றுமைக் குழு. எங்க மாதிரி பணம் போனவங்க எல்லாம் செல்போன்ல பேசிக்குவோம். சோப்பு அண்ணன்தான் அதை நடத்துறார். தங்கமான மனுஷன். என்கிட்ட ஒரு விளக்குகூட வாங்காமலேயே எனக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டவர்."

வாசலில் கூரியர்காரர் எதிரே வந்தார். நேற்று முழுவதும் தன்னைத்தான் இந்த இருவரும் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. அவர் துப்பறிவாளரின் முகத்தைப் பார்க்காமல், சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்.

"சாயங்காலம் பெட்டி எடுக்க வருவேன். வேணும்னா என் பையை இப்பவே சோதனை போட்டுக்குங்க."

"அண்ணே, அது நேத்து" என்றான் மச்சான். "இன்னிக்கு நீங்க நிரபராதி."

*

லாண்டரி ஒரு குறுகலான கடை. பாதி இடத்தில் தேய்த்த சட்டைகள் தொங்கின, மீதி இடத்தில் பார்சல்கள் இருந்தன. லாண்டரிக்காரர் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தாமலே பேசினார்.

"போன வாரம் இந்த விளக்கை வாங்கிட்டுப் போனவரு ஞாபகம் இருக்கா?" என்றார் துப்பறிவாளர்.

"நல்லா ஞாபகம் இருக்கே."

"முகம் எப்படி?"

"ஹெல்மெட் போட்டிருந்தாரு."

"ஹெல்மெட் எப்படி இருந்துச்சு?"

"தலையில இருந்துச்சு."

மச்சான் அவரை மரியாதையோடு பார்த்தான். தன் தொழிலில் ஒரு போட்டியாளரைச் சந்தித்த மரியாதை அது.

"அப்புறம் எப்படிங்க ஞாபகம் இருக்குன்னு சொல்றீங்க?"

"மனுஷனோட குணத்தை வச்சுத்தான். இங்க வர்றவங்க என்ன பண்ணுவாங்க? பார்சலை வாங்குவாங்க, இங்கயே நின்னு பிய்ப்பாங்க, பொருளை எடுத்துட்டு டப்பாவை என் தலையில கட்டிட்டுப் போயிடுவாங்க. அவரு மட்டும்தான் தன் பெட்டியைப் பிரிக்காம எடுத்துட்டுப் போவாரு. போறப்ப, 'காலி டப்பா இருந்தா எடுத்துக்கட்டுமா?'ன்னு கேட்டு மத்தவங்க போட்டதையும் பொறுக்கிட்டுப் போவாரு. கடை எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. அவரு புண்ணியம்."

"எல்லா டப்பாவையுமா?"

"கிழிஞ்சதை எடுக்க மாட்டாரு. நல்லதா பார்த்துத்தான்."

"அடிக்கடி வருவாரோ?"

"வாரத்துல பாதி நாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேர்ல பார்சல் இருக்கும். பெரிய குடும்பம் போல."

துப்பறிவாளர் வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டார்.

"மாப்ளே, காலி டப்பாவைத் தேடிப் பொறுக்குறவங்க யாரு?"

"பழைய பேப்பர் கடைக்காரர்."

"அவர் எடைக்கு எடுப்பார். அவருக்குக் கிழிஞ்சதும் ஒண்ணுதான், கிழியாததும் ஒண்ணுதான்."

"வீடு மாத்துறவங்க."

"வாரத்துல பாதி நாள் எவன் வீடு மாத்துவான்?"

மச்சான் யோசித்தான். யோசிக்கும்போது அவன் வாய் சற்றுத் திறந்திருக்கும். அக்காவுக்குப் பிடிக்காத பழக்கம் அது.

"நாடாவை நடுவுல மட்டும் கீறினான்" என்றார் துப்பறிவாளர். "பெட்டி வீணாகக் கூடாது. பபிள் ரேப்பை மடிச்சு வச்சான், அதுவும் வீணாகக் கூடாது. அந்தம்மா வீட்டு அலமாரியைப் பார்த்தியா? புடவைக்கு இடமில்ல, பபிள் ரேப்புக்கு இடம் இருக்கு. அப்புறம், ஆறு பக்கமும் காட்டினான். அந்த விதியை வாங்குறவன் எவனும் படிக்கிறதில்ல. அதை மனப்பாடமா வச்சிருக்கிறது அந்த விதியைப் போட்டவங்க மட்டும்தான்."

மச்சானின் வாய் மூடியது. "மாமா! திருடனும் ஒரு ஆன்லைன் கடைக்காரனா?"

"கடைக்காரன் புத்தி, திருடப் போன இடத்துலயும் விடல."

*

துப்பறிவாளரின் அலுவலகத்துக்குக் கீழே பல் மருத்துவமனை. அங்கிருந்து அவ்வப்போது வரும் அலறலைக் கேட்டு, மாடியில் ஏதோ பயங்கரமான விசாரணை நடப்பதாக அக்கம்பக்கம் நம்பியது. துப்பறிவாளர் அதை மறுத்ததில்லை.

அவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மச்சான் சோப்புப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே மூன்று சோப்புகள். அவை உருளாமல் இருக்க ஒரு ஃபோம் கட்டி. மேலே ஓர் அட்டை: 'மனம் தளராதே சகோதரி. என்றும் உன் சோப்பு அண்ணன்.'

"கை கழுவிட்டு வர்றேன். ஆறுதல் வீணாகக் கூடாது" என்று ஒரு சோப்போடு போனான் மச்சான். திரும்பி வந்தபோது அறையே மல்லிகைத் தோட்டமாயிருந்தது. ஃபோம் கட்டியைத் தூக்கிப் பார்த்தான். நடுவில் துளை இருந்தது. மேஜைமேல் வைத்து, இறைந்து கிடந்த பேனாக்களை அதில் செருகி வைத்தான். அவன் இந்த அலுவலகத்தில் சேர்ந்ததிலிருந்து செய்த முதல் ஆக்கபூர்வமான காரியம் அது.

செல்போன் அடித்தது. விளக்குக்காரம்மா.

"சார், கூரியர் வர்ற நேரம் ஆகுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. குழுவுல கேட்டுப் பார்த்தேன்."

"என்னன்னு கேட்டீங்க? நீங்க எழுதினதை அப்படியே சொல்லுங்க."

"'பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு, பயமா இருக்கு, அனுப்பலாமா?' அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுதல. சோப்பு அண்ணன் உடனே பேசி அனுப்பியிருக்கார். உங்களுக்கும் அதை அனுப்பியிருக்கேன், கேளுங்க."

மச்சான் அதை ஓடவிட்டான். பின்னணியில் புல்லாங்குழல் இசை. அதற்கு மேல் தேனில் ஊறிய ஒரு குரல்.

"மனம் தளராதே சகோதரி. தைரியமா அனுப்பி வைம்மா. சந்தேகப்பட்டா வியாபாரம் வளராது. லாண்டரியில வந்து வாங்கிக்கிறவங்க எல்லாம் வேலைக்குப் போய் உழைக்கிற மரியாதையான ஜனங்க. அவங்களை நம்பாம வேற யாரை நம்புறது? நானும் உன்னை மாதிரி ஏமாந்தவன்தானே. உனக்கு அண்ணன் நான் இருக்கேன்."

"கேக்குறப்பவே கண்ணு கலங்குது" என்றான் மச்சான். "மாமா, அந்தக் குழுவுல இருக்கிற எல்லாருமே கடைக்காரங்க. எல்லாரையும் சந்தேகப்படலாம். இவரை மட்டும் விட்டுடலாம். இவரும் பாவம் ஏமாந்தவர்."

"ஒரு பேனா குடு."

மச்சான் ஃபோம் கட்டியோடு நகர்த்தினான். பேனா எடுக்கக் குனிந்த துப்பறிவாளர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

ஃபோமில் இருந்தது வட்டத் துளை அல்ல. கத்தியால் கோணல்மாணலாக வெட்டிய கூட்டல் குறி. நான்கு கைக்கும் ஒவ்வொரு பேனா நின்றிருந்தது.

"மாப்ளே, சோப்பு எந்த வடிவத்துல இருந்துச்சு?"

"சோப்பு வடிவத்துலதான்."

"அப்ப கூட்டல் குறி எதுக்கு?"

அவர் பேனாக்களைப் பிடுங்கி எறிந்தார். மாதிரிக்குக் கொண்டுவந்த விளக்கை எடுத்துக் கவிழ்த்து, நான்கு காது வைத்த திருகை அந்தத் துளைக்குள் இறக்கினார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது உள்ளே போய் உட்கார்ந்தது.

கீழே பல் மருத்துவமனையில் யாரோ அலறினார்கள். நேரம் பார்த்து அலறிய மாதிரி இருந்தது.

"அம்மா" என்றார் துப்பறிவாளர் செல்போனில். "விளக்கோட திருகுக்கு ஒரு ஃபோம் வைப்பீங்களா? கூட்டல் குறி மாதிரி வெட்டினது?"

"ஆமா சார். நானே கத்தியில வெட்டுவேன். கோணலா இருந்துச்சா?"

"உங்க அண்ணன் அனுப்பின சோப்பு அதுமேலதான் படுத்துட்டு வந்திருக்கு. அவர் உங்ககிட்ட எப்பவாவது விளக்கு வாங்கியிருக்காரா?"

மறுமுனையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஒரு தடவைகூட இல்ல சார். வாங்குங்கண்ணேன்னு கேட்டா, 'எனக்கு எதுக்கும்மா விளக்கு, என் மனசே வெளிச்சம்தானே'ம்பார்."

மச்சான் சோப்பு மணக்கும் தன் கைகளை மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டான். "ஆனா எதுக்கு மாமா திருடின பெட்டியில இருந்ததையே திரும்ப அவங்களுக்கு அனுப்பணும்? அவ்வளவு திமிரா?"

"திமிரெல்லாம் இல்ல. கஞ்சத்தனம். கடைக்காரங்க வீட்டுல பெட்டியும் ஃபோமும் மலை மாதிரி கிடக்கும். எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? கைக்கு வந்ததைப் போட்டுக் கட்டியிருக்கார். பார்சல் கட்ட காசு குடுத்து சாமான் வாங்குறதை அவங்க உடம்பு ஒத்துக்காது." துப்பறிவாளர் விளக்கை நிமிர்த்தினார். "அம்மா, கேக்குறீங்களா? இன்னிக்கு ஆர்டர் லாண்டரிக்குப் போகுதுன்னு குழுவுல சொன்னீங்களா?"

"இல்லையே. நான்தான் சொன்னேனே, பெரிய ஆர்டர்னு மட்டும்தான்..." சட்டென்று பேச்சு நின்றது. "ஐயோ! அண்ணன் லாண்டரின்னு சொன்னாரே!"

"ஆர்டர் போட்டவருக்குத்தான் விலாசம் தெரியும்."

விளக்குக்காரம்மா அழவில்லை. மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினார்.

"யாரோட கடையில என்ன பூட்டு இல்லன்னு தினமும் அவர்கிட்டதான் சார் சொல்லி அழுதோம். அவர்தான் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னார். சரி, நான் ஆர்டரை நிறுத்திடறேன். கடையாவது மிஞ்சும்."

"நிறுத்தினா வேற கடைக்குப் போயிடுவார். அனுப்புங்க."

"என்ன சார் சொல்றீங்க!"

"முதல்ல பணத்தை அந்தக் கார்டுக்கே திருப்பி விட்டுடுங்க. அப்புறம் வங்கி பிடுங்குறதுக்கு உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. கார்டுக்காரருக்கும் சண்டை போட ஒண்ணும் இருக்காது. அதுக்கப்புறம் விளக்கை எடுத்து வச்சுட்டு பெட்டியை மட்டும் அனுப்புங்க. வீடியோவோட புகார் குடுக்காம அவரால இருக்க முடியாது."

"பணம் திரும்பிப் போனது அவருக்குத் தெரிஞ்சுடாதா?"

"எப்படித் தெரியும்? அது அவர் கார்டு இல்லையே."

*

'வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவா?' என்று கணினி பணிவோடு கேட்ட கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, விளக்குக்காரம்மா பணத்தைத் திருப்பினார். பிறகு காலிப் பெட்டிகளைக் கட்டில்மேல் வரிசையாக வைத்தார்.

"உள்ளே என்ன வைக்கிறது?" என்றான் மச்சான். "எடை இருக்கணும். பயன் இருக்கக் கூடாது."

மூவரும் ஒரே நேரத்தில் மூலையைப் பார்த்தார்கள்.

மாமனார் தன் புத்தகங்களை ஒருமுறை தடவிப் பார்த்தார். 'வெற்றி உங்கள் கையில்.' 'நினைத்தால் கோடீஸ்வரன்.' 'ஏமாறாமல் வாழ்வது எப்படி.' மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு வருஷம் படிச்சும் எனக்கு உதவல. உன் கடைக்காவது உதவட்டும்" என்று அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பெட்டிக்கு நாடா ஒட்டும்போது ஓரத்தைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். கற்பனைக் கடையில் அவர் செய்த முதல் வேலை அது.

கூரியர்காரர் வந்தார். ஒவ்வொரு பெட்டியையும் துப்பறிவாளர் கண்ணெதிரே தூக்கி, திருப்பி, எல்லாப் பக்கமும் காட்டிவிட்டுத்தான் பையில் போட்டார்.

"இவரையும் சந்தேகப்படலாம் மாமா" என்றான் மச்சான் காதோரமாக. "ஆறு பக்கமும் காட்டுறார்."

*

புகார் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் லாண்டரியில் பெட்டிகள் கைமாறி, மதிய உணவு நேரத்துக்குள் வந்துவிட்டது. கொட்டை எழுத்தில் இருந்தது.

'மோசடி! விளக்குக்குப் பதில் பழைய புத்தகங்கள்! உடனே சரக்கை அனுப்பவும். பெட்டி திறந்த வீடியோ இணைத்துள்ளேன்.'

படுக்கையறையில் நான்கு தலைகள் ஒரு செல்போனுக்கு மேல் கவிழ்ந்தன. அதே மேஜை, அதே கைகள். முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம், மேல், கீழ். விலாசம். பிளேடு. நாடா நடுவில் மட்டும் கீறப்பட்டது. பபிள் ரேப் நீவி மடிக்கப்பட்டது. வெளியே வந்தது 'ஏமாறாமல் வாழ்வது எப்படி'.

கைகள் அசையாமல் நின்றன. அடுத்த பெட்டி. 'நினைத்தால் கோடீஸ்வரன்.' அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஆறு பக்கமும் காட்டத் தெரிந்தவருக்கு வாயை மூடத் தெரியவில்லை.

"அடப்பாவிகளா! இப்படியும் ஏமாத்துவாங்களா? உழைச்சுச் சாப்பிடுறவன் வயித்துல அடிக்கிறாங்களே! இந்த உலகத்துல நேர்மைங்கிறதே செத்துப்போச்சா?"

புல்லாங்குழல் இல்லை. தேன் மட்டும் அப்படியே இருந்தது.

"நடுவுல ஒரு வெட்டுகூட இல்ல" என்றார் துப்பறிவாளர், கலைஞனைப் பாராட்டும் குரலில். "அம்மா, இதை அப்படியே குழுவுல போடுங்க. 'எனக்கு வந்த புகாரைப் பாருங்க'ன்னு மட்டும் எழுதுங்க. வேற ஒரு வார்த்தை வேண்டாம்."

விளக்குக்காரம்மா போட்டார். யாராவது ஏதாவது சொல்வதற்கு முன், வீடியோவைத் திறந்துகூடப் பார்க்காமல், வழக்கம்போல முதல் ஆளாக ஒருவர் பேசி அனுப்பினார்.

"மனம் தளராதே சகோதரி. எந்தப் பாவி இப்படிப் பண்ணினான்? அவன் விளங்கவே மாட்டான். உனக்கு அண்ணன் நான் இருக்கேன்."

குழுவில் இருந்த அத்தனை பேரும் முதலில் அந்தக் குரலைக் கேட்டார்கள். அடுத்து வீடியோவைத் திறந்தார்கள். வீடியோவைக் கேட்டுவிட்டு மறுபடி அந்தக் குரலைக் கேட்டார்கள். பிறகு திரையில் ஒரு வரி வந்தது.

'சோப்பு அண்ணன் குழுவிலிருந்து வெளியேறினார்.'

வெளியேறித்தான் போனார், வெகுதூரம் போகவில்லை. குழுவினர் எல்லோருமாகப் போலீசுக்குப் போனபோது, இந்த முறை அவர்கள் கையில் லாண்டரி இருக்கும் தெருவின் பெயர் இருந்தது. தெருவைக் கேட்டதும் போலீசுக்கு வழக்கில் திடீர் அக்கறை பிறந்தது. சோப்பு அண்ணனின் கொட்டகையைத் திறந்தபோது, மேலே பபிள் ரேப் கடலும் அதன் அடியில் விளக்கு, பொம்மை, கைப்பை, கடிகாரம் என்று குழுவின் கண்ணீர் மொத்தமும் இருந்ததாம்.

பணம் வாங்கித் தரும் நிறுவனத்திலிருந்தும் ஒரு மடல் வந்தது. 'அன்பும் மதிப்பும் மிக்க கூட்டாளியே, புதிய தகராறு எதுவும் இல்லாததால் உங்கள் கடை தொடர்ந்து இயங்கலாம். இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்.'

விளக்குக்காரம்மா அதைப் படித்துவிட்டுக் கட்டில்மேல் இருந்த விளக்கின் திருகைத் திறந்தார். பட்டப்பகலில், அவசியமே இல்லாமல், வெளிச்சம் கொட்டியது. மாமனார் தன் நாற்காலியை அந்த வெளிச்சத்துப் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

அப்போது துப்பறிவாளரின் செல்போன் அடித்தது. லாண்டரிக்காரர்.

"சார், அன்னிக்கு வந்து விசாரிச்சீங்களே ஒரு நல்ல மனுஷனை, அவரு எங்க போயிட்டாரு? ஆளையே காணோம். காலி டப்பா மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. சட்டை மாட்ட இடமில்ல. அவரை கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்."

துப்பறிவாளர் செல்போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

விளக்குக்காரம்மா ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் குடுத்துட வேண்டாம்னு சொல்லுங்க சார். இதோ, நானே வந்து எடுத்துக்கிறேன்."

துப்பறிவாளரும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"கிழியாததை மட்டும்."